தோப்பில் நத்தை எத்தனை? எண்ணிப் பார்க்கும் முறை

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்து ஒரு வாரம் ஆகிவிட்டால், பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரே பேச்சுதான்: ஆப்பிரிக்க நத்தை. பப்பாளிக் கன்றை மொட்டையாக்கிவிட்டது, வாழைக் குருத்தைத் தின்றுவிட்டது, சுவரில் அடித்த சுண்ணாம்பைக்கூட விடவில்லை. "போன வருசத்தைவிட ரெண்டு மடங்குங்க டீச்சர்" என்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "பாத்தாலே தெரியுதுங்களே!"

பார்த்தால் தெரியாது. மழை பெய்த ராத்திரி நூறு கண்ணில் படும், காய்ந்த ராத்திரி நான்கு படும். இரண்டு ராத்திரியிலும் தோப்பில் இருக்கும் நத்தை அதே அளவுதான். நான் இங்கே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன், எங்களுக்கும் கொஞ்சம் தென்னை உண்டு. பாடப் புத்தகத்தில் இனக்கூட்டம், அதாவது ஓரிடத்தில் வாழும் ஒரே இன உயிர்களின் கூட்டம், என்று ஓர் அத்தியாயம் வரும். பிள்ளைகள் வரைபடத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அந்த அத்தியாயம் முழுக்க நம் தோப்பிலேயே நடக்கிறது. மருந்துக்குக் காசு போடுவதற்கு முன்னால் அதைக் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். இது நம் ஊர் நத்தை இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் சிப்பி, நத்தை ஓடுகளில் ஆர்வம் கொண்ட பென்சன் என்ற வெள்ளைக்காரர். கேரளத்துக்குள் 1970-களில், நம் பாலக்காட்டு மாவட்டம் வழியாகத்தான் நுழைந்தது. ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது, ஒவ்வொரு நத்தையும் இரண்டும்தான். ஆகவே வளர்ந்த நத்தை ஒவ்வொன்றும் முட்டையிடும். ஒரு தடவைக்கு நூறு, இருநூறு. வருடத்தில் பல தடவை. ஒரு முறை இணை சேர்ந்தால் அந்த விந்தை உடம்பில் சேமித்து வைத்துப் பிறகும் முட்டையிடும். அதனால் 'ஒண்ணுதானே இருக்கு' என்ற சமாதானம் இதனிடம் செல்லாது. ஆறு மாதத்தில் முட்டையிடும் பருவம் வந்துவிடலாம். நான்கைந்து வருடம் வாழும்.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழுவின் இளம் பருவம் இந்த நத்தைக்குள் வளர்கிறது. அது மனிதருக்குள் போனால் மூளையுறை வீங்கும். ரப்பர் கையுறையோ கனத்த பிளாஸ்டிக் பையோ போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டார்ச் பிடிப்பதும் நோட்டில் எழுதுவதும் போதுமான வேலை.

எண்ணுவதற்கு முன் எல்லையைத் தீர்மானியுங்கள். 'எங்க பக்கம் நத்தை' என்றால் அது எண்ணிக்கை ஆகாது. இந்த வரப்பிலிருந்து அந்த வாய்க்கால் வரை, இத்தனை சென்ட் என்று நோட்டின் முதல் பக்கத்தில் படம் போட்டுக்கொள்ளுங்கள். நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும்: இருட்டி ஒரு மணி நேரம் கழித்து, அன்று மழை பெய்திருக்க வேண்டும் அல்லது தண்ணீர் பாய்ச்சியிருக்க வேண்டும். ஒரு நாள் மழை ராத்திரியிலும் அடுத்த முறை காய்ந்த ராத்திரியிலும் எண்ணினால் நீங்கள் அளந்தது மழையை, நத்தையை அல்ல.

எளிய முறை சட்டம் வைத்து எண்ணுவது. பிவிசி பைப்பில் ஒரு மீட்டர் நீளத்துக்கு நான்கு துண்டு வெட்டி, முனைகளில் எல்போ மாட்டினால் ஒரு சதுர மீட்டர் சட்டம் கிடைத்துவிடும். அதைத் தரையில் வைத்து உள்ளே இருப்பதை எண்ண வேண்டும். எங்கே வைப்பது என்பதில்தான் ஏமாறுவோம். கை தானாக நத்தை தெரியும் இடத்துக்குப் போகும். அதற்காகத்தான் சீட்டுக் குலுக்குவது. 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஏக்கருக்கு 70 மரம் வரும். மரத்துக்கு ஒரு எண் கொடுத்து, சீட்டில் எந்த எண் வருகிறதோ அந்த மரத்தடியிலிருந்து வடக்கே மூன்று அடி தள்ளிச் சட்டத்தை வையுங்கள். 20 சட்டத்தில் மொத்தம் 6 நத்தை என்றால் சதுர மீட்டருக்கு 0.3. ஏக்கருக்கு 4047 சதுர மீட்டர், ஆக 1200 சொச்சம்.

ஆனால் நத்தை அப்படிச் சமமாகப் பரவிக் கிடக்காது. 17 சட்டம் காலியாக இருக்கும், மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் விழுந்த ஒன்றில் மட்டும் நான்கு இருக்கும். அந்த ஒரு சட்டம் விழாமல் போயிருந்தால் உங்கள் ஏக்கர் கணக்கு 400-க்கு இறங்கியிருக்கும். அதனால் தோப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: தேங்காய் மட்டைக் குவியல், கல் அடுக்கு, வாழைக் கட்டை, சொட்டுநீர்க் குழாயின் ஓரம் எல்லாம் ஒரு வகை, வெட்ட வெளி இன்னொரு வகை. இரண்டிலும் தனித்தனியாகச் சட்டம் வைத்து, தனித்தனியாகப் பெருக்கி, கடைசியில் கூட்டுங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது முறை: பொட்டு வைத்து விடுவது. பிள்ளைகளுக்கும் இதுதான் பிடிக்கும், கொஞ்சம் மந்திரம் மாதிரி இருக்கும். நத்தையைப் பிடித்து ஓட்டில் இருக்கும் சேற்றைத் துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றி, ஓட்டின் பெரிய சுற்றில் நகப்பாலிஷால் ஒரு சின்னப் பொட்டு. ஓட்டின் வாய் விளிம்பில் வைக்கக் கூடாது, வளர்வது அந்த இடம்தான். பளிச்சென்ற சிவப்பில் பெரிதாகவும் வைக்கக் கூடாது. செம்போத்து இந்த நத்தையை விரும்பித் தின்னும் பறவை, நாமே அடையாளம் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பாலிஷ் காய்ந்த பிறகு, எடுத்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். எல்லாவற்றையும் வாளியோடு கொண்டுபோய் ஒரு மூலையில் கொட்டினால் கணக்கு கெட்டது.

மூன்று நான்கு ராத்திரி விடுங்கள். பொட்டு வைத்ததும் வைக்காததும் கலக்கட்டும். அப்புறம் அதே தோப்பில், அதே நேரத்தில், மறுபடியும் ஒரு பிடி. முதல் ராத்திரி 120 நத்தைக்குப் பொட்டு வைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ராத்திரி 150 கிடைக்கிறது, அதில் 20-இல் பொட்டு இருக்கிறது. பிடித்த 150-இல் 20 பங்கு பொட்டு என்றால், மொத்தக் கூட்டத்திலும் பொட்டு வைத்த 120 அதே பங்காகத்தான் இருக்க வேண்டும். 120-ஐ 150-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 900. கண்ணில் பட்டது 150, இருப்பது 900! பொட்டு வைத்தவை குறைவாகக் கிடைக்கும்போது இந்தக் கணக்கு கொஞ்சம் ஏற்றிக் காட்டும். அதற்கு ஒரு சின்னத் திருத்தம் உண்டு: மூன்று எண்ணிலும் ஒன்று கூட்டிக்கொண்டு அதே பெருக்கல் வகுத்தலைச் செய்து, விடையில் ஒன்று கழிப்பது. 121 பெருக்கல் 151, வகுத்தல் 21, கழித்தல் 1: 869. நோட்டில் இந்த எண்ணை எழுதுங்கள்.

இது பழைய யுக்திதான். பிரான்ஸின் மக்கள்தொகையை இதே தர்க்கத்தில், பிறப்புப் பதிவுகளை வைத்து 1802-இல் லாப்லாஸ் என்ற கணித அறிஞர் மதிப்பிட்டார். டென்மார்க்கில் பீட்டர்சன் 1896-இல் மீனுக்கும், அமெரிக்காவில் லிங்கன் 1930-இல் வாத்துக்கும் போட்டார்கள்.

கணக்கு எங்கே வழுக்கும் என்று தெரிந்துகொண்டால்தான் அதை நம்பலாம். பொட்டு அழிந்துபோனாலோ, பொட்டு வைத்தது செத்தாலோ, வரப்பைத் தாண்டிப் போனாலோ, இரண்டாம் ராத்திரி பொட்டு குறைவாகக் கிடைக்கும், விடை பெரிதாகிவிடும். மாறாக, முட்டைக்கோஸ் இலை வைத்து ஒரே இடத்தில் பிடிக்கிறீர்கள், இலைக்குப் பழகிய அதே நத்தைகள் திரும்ப வருகின்றன. அப்போது பொட்டு அதிகம், விடை சிறிது. வளர்ந்த நத்தைக்கு ஒரே மறைவிடத்துக்குத் திரும்பிப் போகும் வழக்கம் உண்டு, அதனால் இது நிஜமாகவே நடக்கும். இரண்டு ராத்திரிக்கும் நடுவில் பெரிய இடைவெளி விட்டால் புதிதாகப் பிறந்தவை உள்ளே வந்துவிடும். ஒரு வாரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

பிடிக்கும்போதே அளவும் எடுத்துவிடுங்கள். ஒரு பழைய ஸ்கேல் போதும். ஓட்டின் நீளம் 2 சென்டிமீட்டருக்குள், 2 முதல் 5 வரை, 5-க்கு மேல் என்று மூன்று பத்தி. பெரியதில் ஓட்டின் வாய் விளிம்பைக் கையுறை விரலால் தடவிப் பாருங்கள்: மொழுமொழுவென்று தடித்திருந்தால் முட்டையிடும் வயது, மெல்லியதாகப் பிசிறடித்தால் இன்னும் வளர்கிறது. 869 என்ற ஒற்றை எண்ணைவிட இந்த மூன்று பத்தி அதிகம் சொல்லும். குஞ்சு மிகுதி, பெரியது குறைவு என்றால் கூட்டம் ஏறுமுகத்தில் இருக்கிறது. பெரியதே முக்கால்வாசி, குஞ்சைக் காணோம் என்றால் இந்த மழைக்கு இன்னும் பொரிக்கவில்லை, அல்லது பொரித்தது பிழைக்கவில்லை. எது என்று ஈர மண்ணைக் கிளறிப் பார்த்தால் தெரியும். முட்டை மங்கிய வெண்மஞ்சள் நிறத்தில், அரை சென்டிமீட்டருக்குக் கொத்தாக இருக்கும்.

இனி, வருடா வருடம் நடக்கும் கூத்து. மாசி பங்குனியில் ஒரு நத்தை கூடத் தெரியாது. "மருந்தடிச்சேன், ஒழிஞ்சு போச்சுங்க" என்று ஒருவர் சொல்வார், பக்கத்துத் தோப்புக்காரர் அதே மருந்தை வாங்கிவருவார். மருந்தே அடிக்காத தோப்பிலும் அன்று ஒன்றும் தெரியாது என்பது இருவருக்கும் தோன்றாது. நம் பகுதி மழை மறைவு. பாலக்காட்டின் மேற்கே பெய்யும் மழை நமக்குக் கிடையாது. ஆழியாற்றுத் தண்ணீர் நின்றால் தரை வெடித்துவிடும். நத்தை என்ன செய்கிறது? மட்டைக் குவியலின் அடியிலோ கல்லிடுக்கிலோ போய், ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயை அடைத்துக்கொள்கிறது. ஒன்றை எடுத்துப் பாருங்கள். வாயில் அப்பளம் மாதிரி வெளுத்த மெல்லிய தகடு ஒட்டியிருக்கும், கையில் கனமாக இருக்கும். செத்த ஓடு வாய் திறந்து, நிறம் வெளுத்து, எடை இல்லாமல் கிடக்கும். இப்படியே மாதக்கணக்கில் கிடந்து, முதல் மழைக்குத் தகட்டைக் கழற்றிவிட்டு எழுந்துவிடும்.

ஆக கோடையில் எண்ணுவதென்றால் தரையில் நடப்பதை எண்ணக் கூடாது. ஒரு மட்டைக் குவியலைப் பிரித்து, தகடு போட்டது எத்தனை, காலி ஓடு எத்தனை என்று எழுதுங்கள். கோடையில் எவ்வளவு சாகிறது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே தடயம் இதுதான். எந்த ஓடு எந்த வருடத்தது என்று குழம்பாமலிருக்க, எண்ணிய காலி ஓடுகளை அங்கேயே விடாமல் அள்ளிவிடுங்கள்.

ஒரு எண் கிடைத்தால் போதாது. இடவப்பாதிக்கு ஒன்று, துலாமழைக்கு (வடகிழக்குப் பருவமழை) ஒன்று என வருடத்துக்கு இரண்டு எண்ணிக்கை எடுங்கள். இந்த இடவப்பாதி எண்ணைப் போன இடவப்பாதி எண்ணால் வகுத்தால் வருவது பெருக்க விகிதம். ஒன்று என்றால் கூட்டம் நிலையாக இருக்கிறது, ஒன்றுக்கு மேல் என்றால் ஏறுகிறது. இடவப்பாதியை மாசியோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது.

இந்த விகிதம் எவ்வளவு போகும்? 1966-இல் ஒரு பையன் மூன்று ஆப்பிரிக்க நத்தையைத் திருட்டுத்தனமாக அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து மயாமிக்குக் கொண்டுபோனான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு வருடத்தில் 18,000-க்கு மேல். மூன்றிலிருந்து பதினெட்டாயிரம் என்றால் வருடத்துக்குச் சுமார் மூன்றரை மடங்கு. வருட வாரியாகப் போட்டுப் பாருங்கள்: 3, 10, 37, 129, 450, 1,575, 5,500, 19,000. விகிதம் ஆரம்பம் முதல் ஒன்றேதான், நடுவில் எதுவும் மாறவில்லை. ஆனால் மூன்றாம் வருடம் வரை ஊருக்கே தெரிந்திருக்காது. ஆறாம் வருடம் கொஞ்சம் தொல்லை, ஏழாம் வருடம் 'திடீரென்று' பெருகிவிட்டது என்பார்கள். திடீரென்று ஒன்றும் நடக்கவில்லை. அந்த மூன்று நத்தையின் வம்சத்தை ஒழிக்க ஃப்ளோரிடாவுக்குப் பத்து லட்சம் டாலர் செலவானது. 2011-இல் அங்கே மறுபடியும் தலைகாட்டி, இன்னொரு பத்து வருடம் வேலை வைத்தது.

இதே வேகத்தில் என்றைக்கும் போகுமா என்றால், போகாது. தோப்பில் இலைக்கு ஒரு அளவு, பகலில் ஒளிந்துகொள்ள ஈர இடத்துக்கு ஒரு அளவு, ஓடு வளர்க்கச் சுண்ணாம்புக்கு ஒரு அளவு உண்டு. (நம் கரிசலில் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை, அது நம் தலையெழுத்து.) கூட்டம் நெருங்க நெருங்கக் குஞ்சு பிழைப்பது குறையும், முட்டை குறையும், ஒரு மட்டத்தில் போய் நின்றுவிடும். பெல்ஜியத்துக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் இதற்குச் சமன்பாடு எழுதினார். புத்தகத்தில் சாய்ந்த எஸ் வடிவத்தில் வரும் படம் அதுதான்.

மருந்தும் உப்பும் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய இடம் அந்தப் படத்தின் நடுப்பகுதி. ஒரு தோப்பு 2000 நத்தைக்கு மேல் தாங்காது என்று வைத்துக்கொள்வோம். தடையே இல்லாவிட்டால் மயாமி வேகம்: வருடத்துக்கு மூன்றரை மடங்கு என்பது இந்தச் சமன்பாட்டில் சுமார் 1.2 என்ற வளர்ச்சி எண்ணாக வரும் (மூன்றரையின் இயல் மடக்கை). கூட்டம் 1800-இல் இருக்கும்போது வருடத்துக்குக் கூடுவது 1.2 பெருக்கல் 1800 பெருக்கல் மீதமிருக்கும் இடமான பத்தில் ஒரு பங்கு: 216 மட்டும். இப்போது நாம் வீட்டோடு இறங்கி, வாளி வாளியாக 800 பொறுக்கி, 1000-க்குக் கொண்டுவந்துவிட்டு, முதுகு வலிக்கிறது என்று நிறுத்திவிட்டோம். இப்போது பாதி இடம் காலி. 1.2 பெருக்கல் 1000 பெருக்கல் பாதி: 600. பொறுக்குவதற்கு முன் வருடத்துக்கு 216 கூடிய கூட்டம், பொறுக்கிய பின் 600 கூடுகிறது. பொறுக்கியது வீண் இல்லை, நிறுத்தியதுதான் வினை. அதையே விடாமல் 100 வரை இறக்கினால் கூடுவது 114. அதை ஒரு குடும்பமே வருடா வருடம் கையால் பொறுக்கிவிடலாம். மீன்பிடிக்காரர்களுக்கு அந்தப் பாதி மட்டம் நல்ல இடம், எடுக்க எடுக்க வேகமாக நிரம்பும். நமக்கு அதுதான் மோசமான இடம்.

"ஏனுங்க டீச்சர், செம்போத்து தின்னுக்காதுங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. தின்னும். ஒரு பறவை ஒரு நாளைக்குத் தின்பது சிலதான். நூறு நத்தை இருக்கும் தோப்பில் அந்தச் சில பெரிய விஷயம், இரண்டாயிரம் இருக்கும் தோப்பில் கணக்கிலேயே வராது. இதுவும் கூட்டத்தைக் கீழே இறக்கி வைக்க ஒரு காரணம். கீழே இருந்தால் பறவை நம் பக்கம் வேலை செய்யும். நத்தையைத் தின்னும் நத்தை இருக்கிறதாமே, கொண்டுவந்து விடலாமா என்றும் ஒருவர் கேட்டார். ஹவாயில் 1955-இல் விட்டார்கள், பசிபிக்கின் மூரேயா தீவில் 1977-இல் விட்டார்கள். மூரேயாவில் அது ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு அந்தத் தீவுக்கே உரிய மரநத்தைகளைப் பத்தே வருடத்தில் காட்டிலிருந்து துடைத்துவிட்டது. அந்தப் பேச்சே வேண்டாம்.

பொறுக்குவதற்குச் சரியான காலம் முதல் மழைக்குப் பிந்தைய பத்து நாள். கோடையில் தப்பிப் பிழைத்த பெரியவை எல்லாம் வெளியே வந்திருக்கும், முட்டையிட்டிருக்காது. அன்று எடுக்கும் ஒரு பெரிய நத்தை, ஆடியில் எடுக்கும் நூறு குஞ்சுக்குச் சமம். ஈரச் சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலை, பப்பாளி இலை போட்டு வைத்தால் அதுவே வந்து சேரும். விடிவதற்குள் அள்ளி, கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டு, செத்ததும் ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். உப்பைத் தோப்பு மண்ணில் தூவாதீர்கள், தென்னைக்கு ஆகாது. புகையிலைக் கஷாயமும் துருசும் (மயில்துத்தம்) கலந்து தெளிக்கும் முறை கேரளம் முழுக்கச் சொல்லப்படுகிறது. சுவருக்கும் கல்லடுக்குக்கும் சரி, வாய்க்கால் ஓரத்தில் நான் விடமாட்டேன், துருசு மீனுக்கு விஷம். சிலர் வாளியோடு கோரையாற்றில் கொட்டுகிறார்கள். அது சாவதற்குப் பதிலாகக் கீழே இருப்பவர் தோப்பில் ஏறும்.

வெளியிலிருந்து வருவதையும் மறக்க வேண்டாம். ஒரு கூட்டத்தின் எண்ணிக்கை மாறுவது நான்கு வழியில்: பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது. நர்சரிப் பையில் வரும் மாங்கன்று, எரு லோடு, வேலந்தாவளம் சந்தைக்குப் போய்த் திரும்பும் காய்கறிக் கூடை, இவைதான் உள்ளே வரும் வழி. கன்றுப் பையை இறக்கியதும் அடிமண்ணில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துத் தோப்பில் ஒன்றும் செய்யவில்லை என்றால் வரப்போரச் சட்டங்களில் மட்டும் எண்ணிக்கை இறங்காமல் நிற்கும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள். 'உங்க நத்தை எங்க தோட்டத்துக்கு வருது' என்று சொன்னால் சண்டைதான் வரும்; எண்ணைக் காட்டினால் பெரும்பாலும் டார்ச்சோடு வந்துவிடுவார்.

பொறுக்கி முடித்து இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை, துலாமழை பிடித்ததும் ஒரு தடவை, அதே சீட்டு, அதே சட்டம், அதே பொட்டு. பொட்டின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், எந்தப் பிடியில் வைத்தது என்று தெரியட்டும். கடையில் மருந்து வாங்குவதா வேண்டாமா என்பதை அந்த இரண்டாவது எண் கையில் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.